இடது பின்கதவுக் கண்ணாடி

ரெத்தினத்தின் அம்பாசிடருக்குக் கட்சி கிடையாது. எந்தக் கட்சி வாடகைக்குக் கூப்பிட்டாலும் போகும். போனால் இடது பின்கதவில் கொடிக்கம்பைச் செருகுவார்கள். கம்பு ஆடாதபடி கண்ணாடியை ஏற்றி நெருக்குவார்கள். ஆட்சி மாறிய அந்தத் தேர்தல் முடிவதற்குள் கண்ணாடி தடத்தைவிட்டு விலகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் பாதி ஏறும், சாயும், தொம்மென்று கதவுக்குள் விழும்.

ரெத்தினம் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஒரு தை மாதம் வரும்வரை.

கூலி நெல் தகராறில் அறுவடை நின்றுபோயிருந்தது. முற்றிய கதிர் வயலிலேயே உதிர்ந்தது. அறுப்புக்குப் போகும் அவர் மனைவி அம்சம், தீட்டிய அரிவாளையே தீட்டிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தை. மிராசுதார் வைத்தியலிங்கமும் விவசாயச் சங்கத் தலைவர் வீரையனும் போகவேண்டும். ஊரில் இருந்தது ஒரே கார். இருவரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ரெத்தினம் தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் மிராசுதார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பனிக்காத்து பட்டா எனக்கு இளைப்பு வந்துடும். கண்ணாடி ஏறுனா வர்றேன். இல்லேன்னா வேற தேதி கேட்டுக்கங்க."

"வேற தேதிக்கு நெல்லு காத்திருக்குமா?" என்றார் வீரையன். "எல்லாம் உங்க கட்சிக் கொடிக்கம்பு பண்ணுன வேலை."

"உங்க கம்பு மட்டும் என்ன, ஈர்க்குச்சியா?"

"ரெண்டு கம்புந்தாங்க," என்றார் ரெத்தினம். "கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

கதவின் உள்பலகையைக் கழற்றினார். கண்ணாடி ஓடும் தகரக் காடி வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த மெத்துப்பட்டை எப்போதோ போய்விட்டது. குறடால் காடியை நெருக்கி, பழைய கம்பளியில் ஒரு பட்டை கிழித்து உள்ளே கொடுத்தார். கண்ணாடியைத் தூக்கிப் பொருத்திச் சுற்றினார். ஏறியது. நின்றது.

இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள். அவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மிராசுதார் தோள்துண்டை நீளமாக மடித்து நடுவில் வைத்தார்.

"வரப்பு போட்டாச்சு," என்றார் வீரையன்.

அம்மாபேட்டை தாண்டி ஒரு பள்ளம். கண்ணாடி நழுவியது. வீரையன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரெத்தினம் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது ஒருவர் இறங்கிவிடுவார் என்று பயம்.

கொஞ்ச தூரம் போனபின் மிராசுதார் கேட்டார்: "கை வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது. விட்டா உங்களுக்கு இளைக்கும். அப்புறம் அங்க யாருகிட்ட நான் சண்டை போடுறது?"

மிராசுதார் நடுவில் கிடந்த துண்டை எடுத்தார். நகர்ந்துவந்து வீரையனுக்குக் குறுக்கே குனிந்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் துண்டைத் திணித்தார். "இப்பக் கைய எடு."

கண்ணாடி நின்றது. மிராசுதார் பழைய இடத்துக்கு நகரவில்லை.

"வரப்பு போயிடுச்சுங்களே," என்றார் ரெத்தினம், திரும்பாமலே.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

தஞ்சாவூரில் அலுவலக வாசலில் நின்ற கூட்டம் குழம்பியது. கார் ஜன்னலுக்கு வெளியே பாதித் துண்டு வெள்ளையாகப் பறந்தது. "இது எந்தக் கட்சிக் கொடி?" என்றார் ஒருவர். ரெத்தினம் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் அம்சம் அரிவாளோடு வயலில் இறங்கினாள்.

மிராசுதார் துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. ரெத்தினமும் புதுப்பட்டை வாங்கவில்லை. இப்போது ரெத்தினம் இல்லை. கார் கொட்டகையில் நிற்கிறது. துண்டை உருவினால் கண்ணாடி விழும். யாரும் உருவுவதில்லை.