என் அம்மாவும் மாலதியின் அப்பாவும்

மாலதி இறந்துவிட்டாள் என்ற செய்தி, நான் அலுவலகத்தில் இருந்தபோது வந்தது. ஓசூரிலிருந்து அவளுடைய அம்மாதான் பேசினார். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறிவிடுவாள் என்றே நினைத்திருந்தோம். பொம்மசந்திரா மருந்துத் தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்த்த நீங்கள் பலரும் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அக்கா தங்கை என்கிறீர்கள், இனிஷியல் ஏன் வேறு என்று ஒருவர் கேட்டார். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

1993இல் என் அப்பா மாலதியின் அம்மாவை மணந்துகொண்டார்; அவர் எனக்குச் சித்தி ஆனார். எனக்கு அம்மா இல்லை, அவளுக்கு அப்பா இல்லை. எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினான்கு. தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்த அன்று, அக்கா என்று கூப்பிடச் சொல்லி என் அத்தை என்னை முன்னால் தள்ளினார். நான் அத்தையின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"பேர் சொல்லியே கூப்பிடட்டும். என் பேரு நல்லாத்தானே இருக்கு" என்றாள் மாலதி.

அவள் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் இருந்த என் அம்மா படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டினார்கள். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த கன்னடக்கார அம்மா ஒருநாள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி, அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதேயில்ல" என்றாள் மாலதி.

அந்த அம்மா குழப்பத்தோடு படியேறிப் போனதும் நாங்கள் இருவரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை.

நான்கு வருடத்துக்குமேல் அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பெரிய சண்டை எதுவும் எங்கள் காதில் விழவில்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. சித்தி ஓசூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போக முடிவு செய்தார். எங்களைச் சேர்த்து வைத்தபோதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை.

ஆட்டோ வாசலில் நின்றது. மாலதி என் அப்பாவிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வரலாமா என்று கேட்டாள். அப்பா தலையசைத்தார். சித்திக்குக் கோபம்.

"இனிமே இங்க உனக்கு யாருடி இருக்கா?"

"அவ இருக்கா" என்று என்னைக் காட்டினாள்.

சொன்னபடி வந்தாள். படித்த காலத்திலும், வேலைக்குப் போன பிறகும், மழையானாலும் ஓசூர் பஸ் பிடித்து வந்தாள். வந்தால் விசேஷமாக எதுவும் செய்யமாட்டாள். என் துணிகளை மடிப்பாள், அப்பாவோடு டீ குடிப்பாள், இருட்டும் முன் கிளம்பிவிடுவாள். "உறவுன்னா என்ன, போய்ப் பார்த்துட்டு வர்றதுதானே" என்பாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். காரியம் முடிந்த மறு ஞாயிறு ஓசூருக்குப் போனேன். பத்து வருடமாக நானும் சித்தியும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. சித்தி கதவைத் திறந்து, ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.