கால் மடக்காத நாட்கள்

என் கணவருக்கு முதல் தடவை நெஞ்சு நோ வந்தது, வாய்க்கால் உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தபோது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயல் வரம்பில் குந்திவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. வாய்வு என்றார். வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் குடித்தார். பிறகு அந்த நோ நடந்தாலும் வந்தது, வயிறு நிறையச் சாப்பிட்டாலும் வந்தது.

வவுனிக்குளம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். காட்டை வெட்டி வயலாக்கியவருக்கு நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் மச்சாளிடம் விட்டுவிட்டு நான் அவருடன் போனேன். மச்சாள் அவருடைய அக்கா. தாலி அறுத்த பிறகு எங்களோடுதான் இருந்தா.

கொழும்பில் பெரிய டொக்டர் ஒரு சோதனை செய்ய வேண்டுமென்றார். அறுபதுகளின் கடைசியில் அது அங்கே மிகவும் புதிது. தொடைச் சந்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்க்குள் மெல்லிய வயர் போன்ற ஒரு குழாயைச் செருகி, அதை நெஞ்சுவரை தள்ளி, மருந்து பாய்ச்சிப் படம் எடுப்பார்களாம். வேண்டாம், வீட்டுக்குப் போய்விடுவோம் என்றேன் நான். அவரோ, நெஞ்சு வருத்தம் என்னவென்று தெரிந்தால் மருந்து கொடுத்து மாற்றிவிடலாம்தானே என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

சோதனை முடிந்து அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது இரத்தம் கசியாமல் அமத்த வலது தொடைச் சந்தில் மணல் நிரப்பிய ஒரு பை வைத்திருந்தார்கள். தாதி சிங்களப் பெண். சந்தைத் தமிழ் கொஞ்சம் தெரியும். கால் மடக்க வேணாம், தலை தூக்க வேணாம் என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன்னுடைய தொடைச் சந்தில் வைத்து, அவர் இருமினால், தும்மினால் இந்த இடத்தில் அமத்திப் பிடிக்க வேண்டுமென்று காட்டித் தந்தாள். குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தபடியால் காயம் இலேசில் அடையாது என்பதையும் அவள்தான் சைகையும் சொல்லுமாக விளங்கப்படுத்தினாள்.

அவருக்குக் கூச்ச சுபாவம். படுத்த படுக்கையில் போத்தலில் சலம் போக அவரால் முடியவில்லை. நான் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போன நேரம் பார்த்து, முழங்கையை ஊன்றி எழும்பி, காலை மடித்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஒன்றும் நடவாதவர் போலப் படுத்திருந்தார்.

"உடுத்த சாரம் நனைஞ்சு கிடக்குது. தண்ணி ஊத்துப்பட்டுதோ தெரியேல்லை," என்றார்.

போர்வையை விலக்கினேன். மணல் பை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தொடைக்குக் கீழே மெத்தையெல்லாம் இரத்தம். நான் காயத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமத்திக்கொண்டு தாதியைக் கூப்பிட்டேன். விரல்களுக்கு நடுவால் சூடாக வந்துகொண்டே இருந்தது. அவள் ஓடி வந்து என் கையைக் காயத்துக்குச் சற்று மேலே நகர்த்தி, உடம்புப் பாரம் முழுவதையும் போடச் சொல்லிவிட்டு டொக்டரைக் கூட்டிவர ஓடினாள். நான் கட்டிலில் ஏறி முழங்காலில் நின்று அமத்தினேன். வார்டில் இருந்த ஆண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முகம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போயிருந்தது.

"உன்ரை கை நோகப்போகுது," என்றார்.

"கதையாதேங்கோ."

டொக்டர் வந்து, அவருடைய பாதத்தில் நாடி பார்த்துவிட்டு, என் கையை எடுக்க வேண்டாமென்றார். ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். கடைசியில் தாதி என் கைகளை விலக்கியபோது இரத்தம் நின்றிருந்தது. என் விரல்களைத்தான் நீட்ட முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் ஒரு தமிழ் டொக்டர், இளம் வயதுக்காரர், என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"அம்மா, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் மூண்டும் அடைபட்டுப் போச்சுது. படத்திலை வடிவாத் தெரியுது," என்றார்.

"அதைத் திறக்கேலாதோ?"

"இஞ்சை ஏலாது. வெளிநாட்டிலையும் இப்பதான் செய்து பாக்கினம்."

"அப்ப ஏன் இந்தச் சோதனையைச் செய்தனீங்கள்?"

அவர் வெளியே தென்னை மரங்களைப் பார்த்தார். பெரிய டொக்டரின் அறைக் கதவையும் பார்த்தார். "தெரிஞ்சிருந்தால் நல்லதுதானே எண்டு," என்றார்.

அதற்குமேல் இருதயத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. காயத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நிறையச் சொன்னார். குந்தக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. இரத்தம் கட்டிக் கண்டிப்போன இடத்தில் எண்ணெய் பூசித் தேய்க்கக் கூடாது, சூட்டு ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. கட்டி போலத் தடித்தாலோ கால் குளிர்ந்து போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினேன். என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அப்போதே விளங்கிவிட்டது.

அவரிடம், கொஞ்சம் அடைப்பு இருக்குதாம், ஓய்வாக இருந்தால் போதுமாம் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். ரயிலில் ஒரு நீள ஆசனம் கிடைத்ததால் மாங்குளம் வரை காலை நீட்டிக்கொண்டே வந்தார். அங்கிருந்து எங்கள் பக்கம் போகும் மல்லாவி பஸ். அந்த நாளில் அந்த றோட்டு முழுக்கக் குன்றும் குழியும். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்பும்போது நான் துவாயைச் சுருட்டி அவருடைய தொடைச் சந்தில் வைத்து அமத்திப் பிடித்தேன். சனம் பார்க்கிறது என்று அவர் தன்னுடைய சால்வையை எடுத்து என் கையின் மேல் போட்டு மூடினார். எதிரே இருந்த ஒரு மனிசி முகத்தைச் சுளித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினா. நான் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொடையில் இரத்தம் கட்டிய கண்டல் முழங்கால்வரை இறங்கியிருந்தது. நாவற்பழ நிறம். மச்சாள் அதைக் கண்டதும் தலையில் கை வைத்தா. இப்படி இரத்தம் கட்டிப்போய் இருக்கிறதே, நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசி உப்பு ஒத்தடம் கொடுத்தால் கரைந்துவிடுமே என்று குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினா. நான் பின்னால் போய்ச் சட்டியை இறக்கி வைத்தேன்.

"பிள்ளை, நான் அவனை இடுப்பிலை வைச்சு வளத்தனான். எனக்குத் தெரியாதோ?" என்று அழுதா.

"தேய்ச்சால் திரும்ப உடைக்கும் மச்சாள். என்ரை கையாலை பிடிச்ச இரத்தம் அது," என்றேன். அவாவும் கொழும்புக்கு வந்திருந்தால் ஒத்தடம் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டா. பிறகு சில நாள் என்னோடு கதைக்கவில்லை.

காலைக்கடனுக்குக் காட்டுப் பக்கம் போய்க் குந்த விடவில்லை. பழைய கதிரை ஒன்றின் இருக்கைப் பலகையைப் பிரித்தெடுத்து, கீழே வாளி வைத்து, வீட்டு வளவு மூலையில் தென்னங்கிடுகால் மறைத்துக் கொடுத்தேன். அதில் போய் இருக்க முதல் நாள் அவருக்குக் கண் கலங்கியது. மலம் இறுகாமல் பப்பாசிப்பழமும் கீரையும் கொடுத்தேன். கிணற்றடியில் நானே அள்ளி ஊற்றினேன். பிள்ளைகளை மடியில் ஏற விடவில்லை. பாதம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இருமப் போகிறார் என்றால் அவருக்கு முன்னமே என் கை அங்கே போய்விடும்.

கண்டல் பச்சையாகி, மஞ்சளாகி, மங்கியது. கட்டி வரவில்லை, ஒரு துளி இரத்தம் திரும்ப வரவில்லை. ஆனால் வாசலில் இருந்து வேலிப் படலைவரை நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோ வந்தால் வைக்கச் சொல்லி டொக்டர் தந்த மாத்திரையை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு, வேறு ஆட்கள் தன்னுடைய வயலை உழுவதைக் கதிரையில் இருந்து பார்த்தார்.

ஒருநாள் நான் காயம் இருந்த இடத்தைக் கழுவித் துடைக்கும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தக் காயம் மாறீட்டுது. இனி என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்.

டொக்டர் சொன்னது முழுவதும் தனக்குத் தெரியும் என்று அப்போதுதான் சொன்னார். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து விறாந்தை யன்னல் திறந்துதான் இருந்திருக்கிறது. கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் நான் அமத்திக்கொண்டு வந்தபோதும், பப்பாசிப்பழம் வெட்டிக் கொடுத்தபோதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"நீ பாடுபட்டுக்கொண்டு திரிஞ்சாய். அதையும் ஏன் குழப்புவான் எண்டு விட்டனான்."

நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நெல்லுக்கு எப்போது தண்ணீர் விடுவது, மூத்தவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றுதான் கதைத்தோம்.

நெல்லில் கதிர் பறிந்து வெளிவரும் காலத்தில், ஒரு காலை நேரம், கஞ்சி குடித்துவிட்டு இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எந்த வேலையும் செய்யவில்லை. நோகிறது என்றுகூடச் சொல்லவில்லை. மச்சாள்தான் முதலில் கண்டா. நான் வந்து கூப்பிட்டுப் பார்த்தேன்.

செத்தவீடு முடிந்து நெல் முற்றியதும் அயலவர்கள் வெட்டி அடித்துத் தந்தார்கள். நல்ல விளைச்சல். வடமராட்சிக்கு வந்துவிடும்படி என் அண்ணன் வந்து கேட்டார். போவதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. என்னிடம் இரண்டும் இல்லை. மச்சாளும் நானும் பிள்ளைகளும் அங்கேயே இருந்துவிட்டோம்.