தளபதியின் கழுத்துப்பட்டைக்குப் பின்பக்கம்

காலை ஒன்பதரைக்குப் பாரிஸ் விமான நிலையத்தில் ரயில் ஏறினேன். டிக்கெட் பதின்மூன்று யூரோ. கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பெர்தொனே தெருவுக்குப் பத்து நிமிட நடை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவரையும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்தேன். லா சப்பல் என்ற அந்தப் பேட்டையில் பாதிக் கடைப்பலகை தமிழில்தானே இருக்கிறது என்பாள் என் மனைவி. சொல்லட்டும்.

தங்கல் தையற்கடைக்காரர் சிவநேசனிடம். யாழ்ப்பாணத்துக்காரர். கோயில் கொடிக்கும் பாண்டு வாத்தியக்காரர் சட்டைக்கும் என் சென்னைப் பட்டறையில் சரிகை வேலை வாங்குகிறவர். பன்னிரண்டு வருடமாகப் போனில்தான் பழக்கம். "வாங்கோ அண்ணை" என்றார், முகத்தில் சிரிப்பில்லை.

காரணம் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. பெயர் அந்துவான். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சீருடைகள் சேர்ப்பவர். மேசைமேல் முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் தளபதியின் கோட்டு. கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புத் துணியில் தங்கச் சரிகை இலை போட்ட பட்டை. உள்துணி மாற்றப் போன மாதம் சிவநேசனிடம் கொடுத்துப் பத்து நாளில் திரும்ப வாங்கியிருக்கிறார். வீட்டில் உற்றுப் பார்த்தால் வலது பட்டை இடது பட்டை மாதிரி இல்லை.

"இருபது வருஷமா இவர்கிட்டதான் தைக்கிறேன், மெஸ்யே. அசல் பட்டையை மாத்திடுவார்னு நினைக்கல."

"அந்தப் பட்டையிலை நான் ஊசியே வைக்கேல்லை ஐயா" என்றார் சிவநேசன்.

"ரெண்டையும் பிரிங்க" என்றேன். பட்டையின் முன்பக்கத்தை எவனும் அழகாகச் செய்வான். செய்தவன் யாரென்று பின்பக்கம்தான் சொல்லும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; நாற்பது வருடம் ஊசி குத்திய விரல் சொன்னது.

இடது பட்டையின் பின்னால் பசை தடவிய காகிதம், அதில் மங்கிய மை முத்திரை. பெர்லின் பட்டறை என்று அந்துவான் வாசித்தார். வலது பட்டையில் முத்திரை இல்லை. நூல் மூன்று மூன்று முடிச்சாக முடிந்திருந்தது. ஊசியால் மெல்ல நெம்பினேன். சரிகை எழும்பி நிற்க உள்ளே வைத்திருந்த அட்டையில், மஞ்சள் நிறத்தில் 'திருமண அழை' என்று தமிழ் எழுத்து! பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி வைக்கிற வழக்கம் என் பட்டறைக்கு மட்டும் உண்டு.

"இது என் சரக்கு!" என்று கத்தினேன். "நாடகக்காரங்களுக்குன்னு ஒரு ஏஜெண்டு கேட்டு அந்தக் காலத்துல செஞ்சது. பெர்லின்காரன் பக்கத்துல வெச்சும் லேசுல தெரியல பாருங்க!"

அந்துவான் மெதுவாகக் கேட்டார்: "உங்க சரக்கு இவர் கடைக்குத்தானே வருது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணை, நீங்கள் எனக்கு உதவவோ வந்தனீங்கள், இல்லாட்டி என்னைப் பிடிச்சுக் குடுக்கவோ?" என்றார் சிவநேசன்.

கோட்டைத் தூக்கிக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். கழுத்துத் துணி வெயிலில் வெளுத்திருந்தது. பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருத்திருந்தது. ஒரு மீட்டர் சிவப்புத் துணியில் மற்றவர்கள் நாற்பது பட்டை வெட்டினால் நான் நாற்பத்திரண்டு வெட்டுவேன். அதனால் என் பட்டை நகத்தளவு குட்டை. வலப்பக்கத்துக் கருப்பின்மேல் என் பட்டையை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. பெர்லின் பட்டையை வைத்தால் வெளுத்த துணிமேல் நகத்தளவு நீண்டது.

"போன மாசம் வரைக்கும் நீளப் பட்டை இருந்திருந்தா இந்த நகத்தளவும் கருப்பா இருக்கணும். இது வெளுக்க வருஷக்கணக்காகும். கோட்டு இங்க இருந்தது பத்தே நாள்."

அந்துவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை பார்த்தார். "அப்போ கோட்டு வித்த சந்தைக்காரன்தான் என்னை ஏமாத்திட்டான்! பர்தோன், சிவா. பர்தோன்."

"பர்தோன் கிடக்கட்டும். தேத்தண்ணி குடிப்பீங்களோ?"

"ஏமாந்தாலும் நல்ல சரக்குக்குத்தான் ஏமாந்தீங்க" என்றேன். மூவரும் சிரித்தோம். தேத்தண்ணியோடு யாழ்ப்பாணத்துப் பொரித்த பலகாரம் ரோல்ஸ் வந்தது. ஆளுக்கு இரண்டு.

இரண்டு மணிக்கு அந்துவான் எழுந்தார். "ரெண்டையும் பழையபடி தைச்சிடுங்க, சிவா." சிவநேசன் ரசீது எழுதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "நமக்குள்ள சீட்டு எதுக்கு?" என்று அந்துவான் கோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போனார். சிவநேசன் வெகுநேரம் கோட்டைக் கீழே வைக்கவில்லை.

நான்காம் நாள் திரும்பும் ரயிலில் என் பட்டறையை நினைத்தேன். ஒரு பொத்தான் வாங்கினாலும் என் மைத்துனனுக்கே சீட்டு எழுதித்தான் கொடுப்பேன். அந்த வழக்கத்தைக் கைவிடப் போகிறேனா? மாட்டேன். ஆனால் சிவநேசனுக்கு இனிமேல் சீட்டு கிடையாது.