வேம்பென்று பறித்த ஹிக்கரி

எண்பத்தேழு அக்டோபரில் அடித்த புயல், ஃபாரஸ்ட் கேட் என்ற ஊரில் நான் தோட்ட வேலை பார்த்த பூங்காவின் பெரிய ஹிக்கரி மரத்தை முறித்துப் போட்டது. மரத்தை அறுத்து ஏற்றிப் போய்விட்டார்கள். அடிக்கட்டையையும் இயந்திரம் வைத்து அரைத்துவிட்டு அங்கே ஒரு பெஞ்ச் போடுவதாக இருந்தது.

அடுத்த மே மாதக் கடைசியில், மற்ற மரமெல்லாம் இலை விட்டு முடிந்த பிறகு, மண்ணை ஒட்டி, அந்தக் கட்டையின் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு தளிர் வெளியே வந்தது. என் மேலதிகாரி, எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிற வெள்ளைக்காரப் பெண், முழங்காலூன்றி அதைப் பார்த்தார். இவ்வளவு வயதான ஹிக்கரி கட்டையிலிருந்து துளிர்ப்பது அரிது என்றார். அணில் புதைத்து மறந்த கொட்டையிலிருந்து முளைக்கிற கன்று முதலில் வேரைத்தான் ஆழமாக இறக்குமாம். மேலே சில வருடத்துக்கு ஒரு சாண் எழும்பினாலே பெரிய காரியம். அதற்குள் நிழலிலேயே பல செத்துப்போகும். இதற்கோ கிழட்டு மரத்தின் வேர் முழுதும் கீழே இருக்கிறது, மேலே வெளிச்சமும் திறந்துவிட்டது.

"ஆனால் இந்த ஒன்றுதான் வந்திருக்கிறது. ஜூன் முடிவில் வருவேன். உயிரோடு இருந்தால் கட்டையை விட்டுவிடுவோம். அதுவரை இது உன் பொறுப்பு."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவர் என்னை நம்பி ஒன்றைத் தந்தது அதுதான் முதல் தடவை. சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினேன். மதியச் சாப்பாட்டையும் அதன் பக்கத்தில் இருந்தே சாப்பிட்டேன். பைத்தியம்தான்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கொப்புளிப்பான் வந்தது. உடம்பு முழுதும் கொப்புளம், அனலாகக் காய்ச்சல். நானும் கணவரும் ஷிப்ட் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். ஒரு மாலை வேலை முடிந்து வந்தால் வாசல் நிலையில் இலைக்கொத்து தொங்கியது. பிள்ளையின் படுக்கையிலும் அதே இலை.

"இது எங்கால?" என்றேன்.

"உம்மடை பார்க்கிலதான். அச்சு அசல் வேம்பு. வாயில போட்டும் பாத்தனான், கைக்குது," என்றார் கணவர் பெருமையாக. "அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை இல்லாமல் ஏலுமே?"

"கயிறு கட்டியிருந்ததைக் காணேல்லையோ?"

"கண்டனான். நல்ல மரமெண்டபடியால்தானே கட்டி வைச்சிருக்கினம்."

"ஐயோ, அது வேம்பில்லையப்பா! அந்த ஒரு தளிரைத்தான் நான் காவல் காத்தனான்!"

"பிள்ளை கிடக்கிற கிடையில உமக்கு மரமோ?"

ஆத்திரத்தில் பூங்காவுக்கு ஓடினேன். இலை ஒன்றுகூட மிச்சமில்லை. நுனியையும் ஒடித்திருந்தார். மொட்டைக் குச்சி ஒன்று நின்றது.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் மனிசியாகவே இல்லை. காலையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவேன். பூங்காவில் குச்சியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டுக்கும் பயந்தேன். பிள்ளைக்குத்தான் கூடப் பயந்தேன், ஆனால் அவருடன் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் குச்சிதான்.

பிள்ளையின் கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கின. குச்சி அப்படியே நின்றது.

மேலதிகாரி வந்த அன்றுதான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்திருந்தோம். அவர் குனிந்து, நகத்தால் குச்சியின் தோலைக் கீறினார். உள்ளே பச்சை. அந்த நேரம் பார்த்துக் கணவர் பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஒரு பையோடு வந்தார். அம்மாளுக்கு வைத்த இலை கால்பட்டு மிதிபடக் கூடாது, மரத்தடியில்தான் போடவேண்டும். வேறு மரமே கிடைக்காததுபோல் நேராக அந்தக் கட்டையின் அடியில் காய்ந்த இலைகளைக் கொட்டினார்.

மேலதிகாரி இலையைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், பிள்ளையின் முகத்திலிருந்த தழும்புகளைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்து, ஒடிந்த நுனிக்குக் கீழே வைத்தார். இலைக்காம்பு இருந்த இடத்தில், மஞ்சள் அப்பியதுபோல் இரண்டு மொட்டுகள் முட்டிக்கொண்டு நின்றன. காலையில் அவசரத்தில் பார்த்த எனக்கு அவை தெரியவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

"கட்டை இருக்கட்டும்," என்றார். "ஆனால் இரண்டும் வளர்ந்தால் கவடு விழும், பலமிருக்காது. ஒன்றை வெட்டிவிடு." கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"என்னவாம்?" என்றார் கணவர். சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. "நான் பறிச்சதே காணும். அதை இனித் தொடாதையும்."

பிறகு வெட்டுகிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அந்த வேலையை விடும்வரை அந்தப் பிறகு வரவேயில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மூவரும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். இரட்டைத் தண்டோடு எங்கள் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. மகள் கைக்கெட்டிய ஒரு இலையை இழுத்து மணந்து பார்த்தாள். கணவர் மரத்தடியில் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார், இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி.