பொக்லைன் கிறிஸ்டோபரின் சைக்கிள் பந்தயம்

முசரவாக்கத்துக் கிறிஸ்டோபர் பதினேழு வருஷமாகப் பொக்லைன் ஓட்டுகிறார். சுற்றுவட்டாரத்தில் அவர் தூர் வாராத ஏரி குறைவு. வாளி மண்ணில் இறங்கும் சத்தத்தை வைத்தே அடியில் இருப்பது களியா, சரளையா, மணலா என்று சொல்லிவிடுவார். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலையில் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை என்றாலே அலுப்பு அவருக்கு. அதனால் நாற்பத்தோரு வயதில், பற்கள் துருத்திய தடித்த டயர்களோடு ஒரு மலைச் சைக்கிளைப் பழசாக வாங்கி வந்தார்.

"மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிளாம்!" என்று சிரித்தாள் மனைவி திரிஷா.

"மலை இல்லன்னா இன்னா? மண்ணு இருக்குது இல்ல?"

வாலாஜாபாத்தில் ஞாயிறுதோறும் மண்பாதையில் ஓட்டும் ஒரு கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். கூட்டத்துக்குத் தலைவர் பி.டி. மாஸ்டர் கோதண்டபாணி. ஐப்பசியில் அவர் ஒரு பந்தயம் அறிவித்தார். பாலாற்று மணலைத் தவிர்த்துவிட்டு, ஏரிக்கரையோரமாகப் போய்ச் சரளை மேட்டில் ஏறி இறங்குவது என்று பாதை போட்டார்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. மறுநாள் கிறிஸ்டோபர் பாதையைப் பார்க்கப் போனார். ஏரிக்கரையில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். சீடை உருண்டைபோல் திரண்டு வந்தது.

"மாஸ்டர், இது களி. மேல காஞ்ச மாதிரி இருக்குது, உள்ள அல்வா. ஆத்து வழியா போலாம்."

"மே மாசம் அந்த மணல்ல நான் சைக்கிள தள்ளிக்கினு வந்தேன், தெரியுமா?"

"அப்ப அது மாவு மாதிரி இருந்திருக்கும். இப்ப நனைஞ்சு இறுகிடுச்சு. தண்ணியும் இன்னும் வரல, ரோடு மாதிரி ஓடும்."

"கொடியெல்லாம் நட்டாச்சுப்பா," என்று முடித்துவிட்டார் மாஸ்டர்.

ஞாயிறு காலை பளிச்சென்று வெயில் அடித்தது. இருபத்திரண்டு பேர் விசிலுக்குப் பாய்ந்தார்கள். ஏரிக்கரையில் நூறடி போவதற்குள் களி டயரில் அப்பி, டயருக்கும் கம்பிக்கும் நடுவே அடைத்து, சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் நின்றது மாஸ்டருடையது. தூக்கிக்கொண்டு நடக்கலாமென்றால் சைக்கிள் இரு மடங்கு கனத்தது.

கிறிஸ்டோபர் மட்டும் களி தொடங்கும் இடத்திலேயே இறங்கினார். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினார். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு எல்லாரையும் தாண்டி நடந்தார்.

"நடக்கறது புடிக்காதுன்னீங்களே!" என்று கரையிலிருந்து கத்தினாள் திரிஷா.

சரளை மேட்டில் தண்ணீர் தங்கவில்லை. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் பொடிமண்ணை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த கூழாங்கற்கள் பாசிமணிபோல் உருண்டன. இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்று கிறிஸ்டோபருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பின்னால் ஒருவரும் இல்லை என்கிற குஷியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சைக்கிள் கோணியது. கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. அடுத்த நொடி அவர் வேலிக்கருவைப் புதருக்குள் கிடந்தார்.

திரிஷா ஓடிவந்து முதுகில் முள் பிடுங்கினாள். அதற்குள் கால்களில் களி பூசிக்கொண்ட பதினோரு பேர் அவரைக் கடந்து போனார்கள். பன்னிரண்டாவதாக வந்த மாஸ்டர் நின்றார்.

"அடி பட்டுச்சா கிறிஸ்டோபரு?"

"மண்ண பாத்தேன் மாஸ்டர், என்னத்தான் பாக்கல."

மாஸ்டர் சிரித்துவிட்டார். பந்தயம் முடிந்ததும், வீடு திரும்ப அதே களியில் மறுபடி இறங்க ஒருவருக்கும் தெம்பில்லை. "சரி, உன் ஆத்தத்தான் பாப்போம், வா," என்றார் அவர். கிறிஸ்டோபர் முன்னால் போக, இருபத்தொரு சைக்கிள்கள் பாலாற்றில் இறங்கின. ஈர மணல் திண்ணென்று தாங்கியது. டயர் அரை விரல்கூடப் புதையவில்லை.

"யப்பா, இன்னா மாதிரி ஓடுது!" என்று மாஸ்டர் இரண்டு கைகளையும் விட்டு ஓட்டினார். கிறிஸ்டோபர் அதையெல்லாம் செய்து பார்க்கவில்லை; முதுகு இன்னும் எரிந்தது.