ராஜகுமாரி மாப்பிள்ளை பார்த்த விதம்

சேக்காட்டு ராஜகுமாரி எனக்கு மாமன் மகள். பெரிய மாமனின் இளைய தாரத்துப் பெண். அவளுக்கு ஒரு விநோதமான வேலை. ஆவடிப் பக்கம், காவல் அதிகாரிகளாகப் போகிற பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. குண்டு வெடித்த மாதிரி, கட்டடம் இடிந்த மாதிரி அங்கே ஒத்திகை நடத்துவார்கள். அதில் உள்ளே அகப்பட்டுக்கொண்ட பொம்பளையாக இவள் நடிப்பாள். நெற்றியில் சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு கத்த வேண்டும். கூலியோடு மத்தியானச் சோறும் கிடைக்கும்.

மூத்த மகள் ரேகாவை நூம்பல் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். பெண் பார்க்க வந்தபோது தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பின் கைநீட்டுகிறவனாக இருந்தான். ரேகா அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அதனால் சின்னவள் திவ்யாவுக்குத் தரகர் மூலம் ஜாதகம் வந்ததும் ராஜகுமாரிக்குத் தூக்கம் போயிற்று. பையன் ஜெகதீஷ் அந்தப் பள்ளியில்தான் பயிற்சியில் இருந்தான். இவள் அவனைப் போட்டோவில் பார்த்திருந்தாள். அவனுக்கு இவளைத் தெரியாது.

ஒருநாள் ஒத்திகையில், புகைக்குள் அவளைத் தேடி வந்தவன் அவனே. சட்டையில் பெயர் இருந்தது.

"எய்ந்திரும்மா, போலாம்."

"எம்புள்ள உள்ள கீறான். நா வர மாட்டேன்."

"உன்ன வெளிய உட்டுட்டு வந்து அவனத் தூக்கினு வரேன்."

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நடிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் செய்தது அவளாகச் செய்தது. பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். அவன் பேசாமல் கையைப் பிடித்ததும் இன்னொன்று விட்டாள். அவன் கண் சிவந்தது. புகையாலா கோபத்தாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அடிச்சிக்கோம்மா. ஆனா நடந்துகினே அடி" என்றான்.

வெளியே அதிகாரி, "இவ்ளோ நேரம் உள்ள டீ குடிச்சினு இருந்தியா?" என்று கேட்டார். "என் தப்பு சார்" என்று அவன் சொன்னதோடு சரி, இவளைக் கைகாட்டவில்லை.

ராஜகுமாரிக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. பெரியவர்கள் முன்னால் நூம்பல்காரனும் பொட்டிப்பாம்புதான். எனவே பயிற்சிப் பிள்ளைகள் கூடுகிற தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்து நின்றாள்.

"இன்னா மாமே, கன்னம் பன்னு மாதிரி வீங்கிக்கினு கீது" என்று கூட்டாளி ஒருவன் கிண்டலடித்தான்.

ஜெகதீஷ் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். "கையா அது, ஒலக்க மச்சான். ஆனா அந்தம்மா கத்துனத கேட்டு, நெசமாவே ஒரு புள்ள உள்ள கீதுன்னு நெனச்சிட்டேன். தொண்ட கட்டியிருக்கும்டா. மொதல்ல அந்தம்மாவுக்குத் தண்ணி குடு."

வீட்டில் இதைச் சொன்னபோது திவ்யா தன் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"திரும்ப கை ஓங்கலயா?" என்று ரேகா கேட்டாள்.

"ஓங்கல."

"பெரியவங்க யாரும் இல்லாதப்போ?"

"சிரிச்சான்டி."

ரேகா அம்மாவின் போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க" என்றாள்.