சத்தம் வராத காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்திய வீடியோ எங்கள் வீட்டு டிவியில் எட்டு வருஷம் ஊமையாகத்தான் ஓடியது. படம் பளிங்கு மாதிரி தெரியும். குலசாமி கோயில் வாசலில் கிடா நிற்கும், பம்பைக்காரர்கள் வேர்த்து ஒழுக அடிப்பார்கள், மூன்று வயது மகள் வாயைப் பிளந்து அழுவாள். ஒரு பொட்டுச் சத்தம் வராது. அப்புறம் ஆசையாக நெட்டில் படம் பார்க்கிற பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். அது இன்னும் மரியாதை தெரிந்த பெட்டி. சத்தம் வராததோடு, 'இந்த ஆடியோ வடிவத்துக்கு ஆதரவு இல்லை' என்று எழுதியும் காட்டியது. ஆதரவு இல்லையாம்! நான் என்ன ஓட்டா கேட்டேன்?

சும்மா விடவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு வேறு மூன்று எழுத்தைப் போட்டால் ஓடும் என்று பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். போட்டேன். பேரை மாற்றினால் பிறவிக் குணம் போய்விடுமா? படமும் வராமல் போயிற்று. பழைய பெயரையே திரும்ப வைத்துக் கும்பிடு போட்டேன். நல்லம்பள்ளியில் ஒரு செல்போன் கடைக்காரர் வடிவம் மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், எல்லோரையும் பனைமர உயரத்துக்கு இழுத்துக் கொடுத்தார். என் மாமியார் அவ்வளவு நெட்டையாக இருந்து அன்றுதான் பார்த்தேன். சத்தம் மட்டும் அப்போதும் வரவில்லை. "ஃபைல்லயே சவுண்டு இல்லீங்க. எடுக்கறப்பவே மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருந்திருப்பாங்க" என்று கை கழுவிவிட்டார். எடுத்த வீடியோக்காரரோ கடையை மூடிவிட்டு ஓசூர் பக்கம் போய் வருஷக்கணக்காகிவிட்டது.

சத்தம் இல்லாவிட்டால் என்ன, நாங்களே பேசிக்கொள்வோம் என்று ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்வோம். மகள் தன் அழுகைக்கும் கிடாவுக்கும் குரல் கொடுப்பாள். என் மனைவி, சொந்தக்காரப் பெண்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுக்கிற இடத்தில், "பாத்தியாடி, சம்பந்தமே இல்லாத கலர்ல புடவை எடுத்திருக்கா" என்று ஆரம்பித்து ஒருத்தியையும் விடமாட்டாள். மைக்கில் அறிவிப்புச் சொல்கிற மைக்காரர் பங்கு என்னுடையது. நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தருமபுரி ஸ்டாண்டில் நின்று நான் கத்தினால் கடைசி பஸ்ஸில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். படத்தில் ஓர் இடத்தில் நான் மைக்காரர் தோளில் கை போட்டு ஏதோ சொல்வேன், உடனே அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோவார். அந்த இடம் வந்ததும் நான் எழுந்து நின்று, "பாப்பாரப்பட்டியில இருந்து தாய்மாமன் சீரு வந்துகிட்டு இருக்குதுங்க! எல்லாரும் வழி விடுங்க!" என்று ஒரு கத்துக் கத்துவேன். மகள் கைதட்டுவாள். மனைவி மட்டும் அந்த இடத்தில் சிரிக்க மாட்டாள்.

காரணம் இருக்கிறது. அந்தத் தாய்மாமன் அவளுக்கு ஒரே அண்ணன், எனக்கு மச்சான். பாப்பாரப்பட்டியில் மைக் செட் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் சீர் கொண்டு வருகிறவர்கள் நேராக உள்ளே வந்துவிட மாட்டார்கள். தட்டுகளோடு கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நிற்பார்கள். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்து வர வேண்டும். அதுதான் மரியாதை. அன்றைக்குத் தன்னை யாரும் கூப்பிடவில்லை, புளியமரத்தடியில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே நடந்து வர வேண்டியதாயிற்று என்பது மச்சானின் வழக்கு. மைக்கில் கூப்பிட்டோம், அவருக்குத்தான் கேட்கவில்லை என்பது என் வழக்கு. மகளை மடியில் வைத்துக் காது குத்தி முடித்தவர், பந்தியில் கை நனைக்காமல் வண்டி ஏறினார். அதோடு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் வீட்டுச் சீரையெல்லாம் தன் மைக்கில் கூப்பிட்டவர் அவர். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், பாப்பாரப்பட்டியில் என் பஸ் நிற்கிற இடமே அவர் கடை வாசல்தான். ஒரு நாளைக்கு நான்கு நடை. என் பஸ் வந்து நின்றதும் அவர் ஸ்பீக்கரில் பாட்டைக் கூட்டி வைப்பார், நான் ஊர் பேர் கூவுவது யாருக்கும் கேட்கக் கூடாதாம். நான் என்ன இளைத்தவனா? விசிலை வாயில் வைத்து அவர் காதுக்கு நேராக இழுத்து ஊதுவேன். எட்டு வருஷமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒருநாள் அவர் கடை பூட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கவே கை வராது. "உங்கண்ணன் கடை பூட்டியிருக்கு, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு போன் போட்டுக் கேளு" என்று மனைவியிடம் சொல்வேன். "நீங்களே எறங்கிக் கேக்கறதுதானே" என்பாள். அதற்கு மட்டும் வாய் வராது.

போன வருஷம் அதியமான்கோட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டி முடித்தோம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள், "பொறந்த வூட்டு சீரு வராம நான் அந்த வூட்டுல பால் காய்ச்ச மாட்டேங்க. எங்கண்ணன் வரணும். இல்லன்னா நீங்களே அடுப்பப் பத்த வெச்சு நீங்களே குடியிருங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மச்சான் பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. "மாப்ளைய ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்மா. அன்னிக்கு கூப்புடல, தப்புதான்னு. நான் சீரோட வர்றேன்."

எனக்கு வந்ததே கோபம். "கூப்புட்டோங்க! வீடியோவே இருக்குது!" என்று சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன். சாமி சத்தியமாக, நான் பொய் சொல்லவில்லை. என் காதில் அந்த அறிவிப்பு அப்படியே இருந்தது.

"வீடியோல சவுண்டு இருக்குதுங்களா?"

"பெட்டிதான் ஓட்ட மாட்டேங்குது. ஆதரவு இல்லைன்னு சொல்லுது."

மச்சானின் குரல் தொழில்காரக் குரலாக மாறியது. "சவுண்டு எங்கயும் போயிருக்காதுங்க. அதுக்குள்ளதான் இருக்கும். உங்க பெட்டிக்கு அதைப் படிக்கத் தெரியல, அவ்ளோதான். கல்யாணத்துல எல்.இ.டி. திரையில படம் போடறப்ப எனக்கு தெனம் இந்தப் பாடுதான். ஞாயித்துக்கெழம வர்றேன். அதுல கூப்புட்டிருந்தா நான் ஒத்துக்கறேன். இல்லன்னா நீங்க ஒத்துக்குங்க."

"வாங்க, பாத்துருவோம்" என்றேன்.

ஞாயிறு காலை லேப்டாப் பையோடு வந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். மகள், "மாமா!" என்று ஓடிப் போய் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அவள் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்தார். மனைவி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். "இருக்கட்டும்மா, அப்புறம்" என்று பக்கத்தில் வைத்துவிட்டார். அவள் விடியற்காலையிலேயே எழுந்து களி கிண்டி, அண்ணனுக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். வாசனை வீடு முழுக்க இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீடியோ இருந்த பென் டிரைவை லேப்டாப்பில் செருகி ஒரு நிமிஷம் பார்த்தார். "படத்துல ஒரு கொறையும் இல்ல. சவுண்ட மட்டும் தியேட்டர்ல போடற மாதிரி வடிவத்துல வெச்சிருக்காரு புண்ணியவான். படத்தத் தொட வேணாம், சவுண்ட மட்டும் மாத்தினாப் போதும்" என்றார். எட்டு வருஷம் நான் முட்டிக்கொண்ட சுவரில் அவருக்குக் கதவு தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்மேல் கோபமாக இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

"லேப்டாப்லயே கேட்டுரலாமே" என்றாள் மனைவி.

"வேணாம்மா. மாப்ள வூட்டுப் பெட்டியிலயே கேப்போம். அப்புறம் எங்க மிஷினு பொய் சொல்லுதுன்னு சொல்லிருவாரு."

மாறி முடிந்ததும் பென் டிரைவைப் பெட்டியில் செருகினேன். பம்பைச் சத்தம் இடி மாதிரி வந்து விழுந்ததில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, பம்பைக்கு மிரண்டு அழுத அவளுடைய மூன்று வயதுக் குரல் வந்தது. மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தக் குரலை நாங்கள் எல்லோருமே மறந்துபோயிருந்தோம். புடவையைப் பற்றிப் புறணி பேசுகிறார்கள் என்று அவள் வருஷக்கணக்காக ஏசிய பெண்கள், பாவம், காணாமல் போன செருப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மச்சான்கூட அதற்குச் சிரித்துவிட்டார். பாதிச் சிரிப்பில் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த இடம் வந்தது. நான் மைக்காரர் தோளில் கை போடுகிறேன். மைக்காரர் முதலில் பேசுகிறார்: "அண்ணா, தாய்மாமன் சீரு வந்து மரத்தடியில நிக்குதாம். கூப்புட்றட்டுமா?"

அடுத்தது என் குரல். பஸ் ஸ்டாண்டையே எழுப்புகிற குரல், மறுக்கவா முடியும்? "இருப்பா, இருப்பா! எங்க மொதலாளி கார்ல வந்து எறங்கறாரு, அவர மொதல்ல கூப்புடு. மச்சான் நம்ம ஆளுதானே, எங்க போயிறப் போறாரு? நிப்பாரு!"

மைக்காரர் பஸ் முதலாளியை வரவேற்றார். கேமரா அவர் பின்னாலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு சீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் விளையாட்டாக எழுந்து நின்று கத்திய அறிவிப்பு, கத்திக் கத்தி நானே நம்பிவிட்ட அறிவிப்பு, அதில் இல்லவே இல்லை.

"அப்பா, இது நீங்கதானே?" என்றாள் மகள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"நின்னேன் மாப்ள" என்றார். "சித்திரை வெயிலு. பொம்பளைங்கள்லாம் தட்ட எறக்கி வெச்சுட்டாங்க. நான் மட்டும் எறக்காம முக்கா மணி நேரம் நின்னேன்."

"தப்புதாங்க மச்சான். எம்மேலதான் தப்பு" என்றேன். எட்டு வருஷமாக வராத வார்த்தை, வந்தபோது ஈனக் குரலில்தான் வந்தது. அவமானத்தைவிட, இவரை இத்தனை நாள் பொய்யராக்கி வைத்திருந்தேனே என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

அவர் திரையில் நின்றுபோன படத்தைப் பார்த்தார். "நம்ம ஆளுதானேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார், காதில் விழாதவர்போல.

"சொன்னேன். நம்ம ஆளுன்னா வெயில்ல காய விடலாம்னு நெனச்சுட்டேன்."

அவர் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "அம்மாடி, அந்தக் களிய எடுத்துட்டு வா. எவ்ளோ நேரந்தான் வாசனையவே புடிச்சுகிட்டு ஒக்காந்திருக்கறது" என்றார். மனைவி உள்ளே போய் உடனே திரும்பவில்லை. அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

கிரகப்பிரவேசத்தன்று சீரோடு வந்து, வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்கள். முறை முறைதானே. தட்டு எண்ணிக்கை காதுகுத்தைவிடக் கூடுதல். மைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். எட்டு வருஷம் ஒத்திகை பார்த்த வசனம். "பாப்பாரப்பட்டியில இருந்து" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. கூட்டம் பார்க்கிறது, மனைவி பார்க்கிறாள், மேளக்காரர்கள் கையைத் தூக்கியபடி நிற்கிறார்கள். மைக்கை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பில்லாத காலோடு வேப்பமரத்தை நோக்கி ஓடினேன்.

மச்சான் தட்டைக் கீழே இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். "என்ன மாப்ள, மைக்கு மக்கர் பண்ணுதா? நம்ம கடையில இருந்து வேற எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"மைக் நல்லாத்தாங்க இருக்குது மச்சான். சவுண்டுதான் வரல" என்று சொல்லி, அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன்.